உச்சிவேளையில் ஒரு கதை

குளக்கரையில் வருஷா வருஷம் கலை விழா நடத்துவது மைனாதான். யார் எப்போது பாடுவது, யார் எப்போது பேசுவது எல்லாம் அவள் சொல்வதுதான். இந்த வருஷம் பார்த்தவர்களெல்லாம், "புதுசா வந்த ஆமை எப்போ கதை சொல்லும்?" என்றே கேட்டார்கள். அவளுடைய பாட்டைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. மைனாவுக்கு வயிறு எரிந்தது. ஆமைக்கு உச்சிவேளையை ஒதுக்கினாள்.

அவள் நினைத்தபடியே, மணல் சுடத் தொடங்கியதும் கூட்டம் நிழல் தேடிக் கலைந்துவிட்டது. விழா நடத்துகிறவள் எழுந்து போக முடியுமா? அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஆமை, வற்றிப்போன தன் பழைய குளத்தைப் பற்றிச் சொன்னது. கிளம்பும்போது சேற்றில் கிடந்த மீன், "போற இடத்துல தண்ணி இருந்தா எங்களையும் நினைச்சுக்கோ" என்றதாம். மைனா சுடும் மணலில் தத்திப் போய் ஆமைக்கு இன்னும் கிட்டே உட்கார்ந்தாள்.

"நீங்க ஒருத்தராவது கடைசி வரைக்கும் கேட்டீங்களே, அது போதும்மா," என்றது ஆமை.

சாயங்காலம் அணில் திரும்பி வந்தது. "ஆமையோட கதை எப்படி இருந்துச்சு?"

"சுமார்தான்," என்றாள் மைனா. "அடுத்த வருஷமும் உச்சிவேளையிலேயே போட்டுடலாம். நீங்கல்லாம் வெயில்ல காய வேண்டாம். நான் ஒருத்தி இருந்து கேட்டுக்கறேன்."