கட்டைவிரலுக்கு ஒரு கோப்பை

ஆஸ்திரேலியாவின் தெற்கே, பிளிண்டர்ஸ் தீவின் புல்வெளியில் மழை படுக்கைவாட்டில் பெய்கிறது. மாடுகள் எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. அந்த அளவுகூட அறிவில்லாத நான் முகத்தைக் காட்டி நிற்கிறேன். கடலுக்கு அப்பாலிருந்து மருந்துப் பெட்டியோடு எங்கள் ட்ரோன் வருகிறது. அது தானாகவே இறங்கிவிட்டால், விமானம் வராத புயல் நாட்களிலும் இந்தத் தீவுக்கு மருந்து வரும். கழுத்தில் தொங்கும் கருவியில், ட்ரோனை என் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் பொத்தானை நான் அழுத்தினால் இன்றைய சோதனை தோல்வி. அதற்குத் தனியாகப் பறக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். என் கட்டைவிரலுக்கு மட்டும் அதில் நம்பிக்கை வரவில்லை. சாம்பல் மேகத்துக்குள்ளிருந்து ட்ரோன் வெளிப்படுகிறது. காற்று அதை ஒரே தள்ளாகத் தள்ளுகிறது. “லியோனி, விழப்போகுது!” கட்டைவிரல் பொத்தானுக்குப் போகிறது. மருந்துக்காகக் காத்திருக்கும் நர்ஸ் லியோனி, பிளாஸ்கிலிருந்து ஊற்றிய கோப்பையை நீட்டுகிறாள். “இந்தாங்க, டீ. ரெண்டு கையாலயும் பிடிங்க, சுடும்.” பிடித்துக்கொள்கிறேன். ட்ரோன் காற்றோடு மல்லுக்கு நிற்காமல் தாழ இறங்கி, சவுக்கு மரங்களின் மறைவில் ஒதுங்கி மிதக்கிறது. ஒரு மாடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மெல்லுகிறது. காற்று தணிகிறது. ட்ரோன் நிதானமாக வந்து வெள்ளைக் குறியின்மேல் அமர்கிறது. “அதுக்கு இருக்கற பொறுமை உங்களுக்கு இல்லையே சாமி,” என்று சொல்லிக்கொண்டே லியோனி பெட்டியை எடுக்கப் போகிறாள். குனிந்து பார்க்கிறேன். தேநீர் முழுவதும் என் காலணியில் இருக்கிறது. காலிக் கோப்பையை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.