மூலை நாற்காலிக்காரர்

இறந்துபோன பேராசிரியர் இன்று காலையும் நூலகத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து படித்திருந்தார். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது. அவருடைய லாகின், அவர் வழக்கமாக உட்காரும் மூலை கம்ப்யூட்டர்.

ஆனால் அந்த நாற்காலியில் காலையிலிருந்து ஒரு ஈ காக்கைகூட உட்காரவில்லை.

நூலகர் பேய்க்கெல்லாம் பயப்படுகிற பெண்மணி இல்லை. அவருக்குப் பயமெல்லாம் பதிப்பகத்தாரிடம்தான். அவர்கள் வெளியிடும் ஆய்விதழ்கள் இப்போது தாளில் வருவதே இல்லை, கம்ப்யூட்டரில் மட்டும்தான். உறுப்பினர் அல்லாத யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால் மொத்த நூலகத்துக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆய்வு மாணவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

யாரோ பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வித்தை காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, பேராசிரியரின் மனைவியை வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் வந்து, மூலைக்கு முதுகைக் காட்டியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சாரோட பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கா?"

"அவர் கம்ப்யூட்டரைத் தூசி தட்டக்கூட விடமாட்டார் மேடம்."

"வீட்ல வேற யாராவது?"

"நான் மட்டும்தான். அவர் போனதிலேர்ந்து நான் மட்டும்தான்." சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

நூலகருக்கு மனசு இளகிவிட்டது. "சார் மாதிரி ஒரு சாதுவைப் பார்க்க முடியாதும்மா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "இங்க அப்படியா இருந்தார்?"

"படிக்க உட்கார்ந்தா ஊர் உலகம் தெரியாது அவருக்கு. பூட்டுற நேரத்துல நாங்கதான் கிளப்பி அனுப்புவோம்."

"ஆமா. நீங்க பூட்டுற வரைக்கும் வீட்டுக்கு வரமாட்டார்." கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

நூலகர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "அந்த லாகினை இன்னைக்கு மூடியாகணும்மா. இனிமே அவர் பேர்ல ஒண்ணும் திறக்காது."

"வேண்டாம் மேடம்!" போட்ட சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

இந்தக் காலத்தில் புருஷன்மேல் இப்படி ஒரு பாசமா! போனவரை லாகினிலாவது பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறார், பாவம். நூலகருக்குக் கண் கலங்கியது.

"விட மனசு வராதுதான். எங்க அம்மா போனப்போ நானும் அவங்க செல்போன் நம்பரை அழிக்காமலே வெச்சிருந்தேன். ஆனா இதையெல்லாம் ஒரேயடியா விட்டுடணும்மா. அப்பதான் மனசு ஆறும்."

"ஐயோ, அதில்ல மேடம். சொன்னா சிரிப்பீங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

இன்னும் பேசவிட்டால் தானும் சேர்ந்து அழவேண்டியதுதான் என்று பயந்த நூலகர், சட்டென்று பட்டனைத் தட்டிவிட்டார். லாகின் மூடியது.

மூலையில் கம்ப்யூட்டர் திரை இருண்டது. அதற்கு எதிரே இருந்த காலி நாற்காலி, யாரோ எழுந்துகொண்டதுபோலக் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது.

நூலகர் துள்ளி எழுந்துவிட்டார். அந்த அம்மாள் திரும்பியே பார்க்கவில்லை. சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"படிக்க ஒண்ணும் இல்லேன்னா, நேரா வீட்டுக்கு வந்துடுவாரே!"