சீமைப் பூட்டு

திண்டுக்கல் ரயிலடிச் சரக்குக் கொட்டகையில், தகரக் கூரையின் பொத்தல் வழியே இறங்கும் வெயில், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த மரப்பெட்டியின் மேல் கிடக்கிறது. உள்ளே பூட்டுப் பட்டறைக்கான கடைசல் இயந்திரம். நாற்காலியில் இருந்தபடியே சுங்க அதிகாரி காகிதத்தைப் பார்க்கிறார், பெட்டியைப் பார்க்கிறார், மறுபடியும் காகிதத்தைப் பார்க்கிறார். அதில் குறித்திருப்பது சீமை எஃகுப் பூட்டு. பெட்டியில் தொங்குவதோ எண்ணெய் மினுங்கும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. "யாரு மாத்துனது?" பட்டறைக்காரர் உடையப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வருகிறார். "நாந்தான் சார். தூத்துக்குடியிலயே மாத்திட்டேன். அந்தப் பூட்ட நம்பி இம்புட்டுத் தூரம் எப்பிடி அனுப்புறது?" "சாவி காகிதத்தோட எங்கிட்டல்லவா வந்திருக்கு. நீர் எப்படித் திறந்தீர்?" பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. எடைக்கல்லை இறக்கிக்கொண்டிருந்த கூலிக்காரரின் கையும் நின்றுவிடுகிறது. உடையப்பனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. மடியிலிருந்து அந்தச் சீமைப் பூட்டை எடுத்து, காதோரம் வைத்து, ஒரு கம்பியை நுழைக்கிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பூட்டு 'டக்'கென்று வாயைப் பிளக்கிறது. "பாத்தீங்களா சார், இதெல்லாம் ஒரு பூட்டா?" அதிகாரி மேசைமேல் இருந்த பூட்டுப் போட்ட தன் தோல்பெட்டியை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.