பிரேம்சிங் கச்சேரிக்கு வந்த கூட்டம்

"அன்னைக்கு வந்தது மொத்தமே..." என்று ஆதித்தன் ஆரம்பித்ததும் மைக் செத்துவிட்டது.

தட்டினான். ஊதினான். ம்ஹூம்.

திரும்பிப் பார்த்தான். மைக்செட்காரர் மொக்கையன் வேண்டுமென்றேதான் அமுக்கியிருக்கிறார். விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

"லைன் போச்சுப்பா. அடுத்த பாட்டைப் போடுறேன்" என்றார், முகத்தில் ஒன்றுமே காட்டாமல்.

ஆதித்தனுக்கு வந்ததே கோபம்! வராதா பின்னே?

போடியில் 'காட்டேலம்' என்று ஒரு ராக் பேண்டு இருந்தது. பிரேம்சிங் பாடுவான், ஆதித்தன் டிரம்ஸ். பகலெல்லாம் ஏலக்காய் குடோனில் மூட்டை தூக்கிவிட்டு, சாயங்காலம் கிட்டாரைத் தூக்குவான் பிரேம்சிங். தோட்ட வேலைக்குப் போகும் பொம்பளைகளை ஜீப்பில் திணித்துக்கொண்டு போவதைப் பற்றி அவன் அடித்தொண்டையில் பாடினால் நெஞ்சு கொதிக்கும். கேட்கத்தான் ஆளில்லை. "பேய் ஓட்டுறானுக" என்று ஊரே சிரித்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கச்சேரி. அதுதான் கடைசி. அடுத்த வாரமே போடிமெட்டு வளைவில் பைக் சறுக்கிப் பிரேம்சிங் போய்ச் சேர்ந்தான்.

அப்புறம்தான் அந்த ஜீப்புப் பாட்டு போனுக்குப் போன் பரவியது. இன்றைக்கு அவன் முகம் போட்ட பனியன் இல்லாத பையன் போடியில் இல்லை.

இன்று நினைவு நாள். மேடையேறியவர்கள் எல்லாரும் அந்தக் கடைசிக் கச்சேரியைத்தான் பேசினார்கள்.

"கொட்டுற மழை! ஒருத்தர் அசையலையே!" என்றான் அந்தப் பனியன் போட்ட அருண்பாண்டி.

"முதல் வரிசையில நின்னேன். அண்ணன் என் கையைத் தொட்டுட்டுத்தான் பாடவே ஆரம்பிச்சாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ரசிகர் மன்றத் தலைவர் ராமர்.

வாய் கூசவில்லை பாருங்கள்! அன்றைக்குத் தன் கடையிலிருந்து, "சத்தத்தைக் கொறைங்கடா" என்று ஆள் அனுப்பியவரே இந்த ராமர்தான்.

ஆதித்தன் மேடையிலிருந்து இறங்கி நேரே மொக்கையனிடம் போனான்.

"என்னண்ணே, நீங்களும் அவங்க பக்கம் சாஞ்சுட்டீகளா? அன்னைக்கும் நீங்கதானே செட்டு போட்டீக? ஒம்போது பேருண்ணே! அதுலயும் ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்கினவுக. அழுதுக்கிட்டேதான் டிரம்ஸைக் கழட்டினேன். உசுரோட இருக்கும்போது எட்டிப் பாக்காத பயலுக, இன்னைக்கு..."

"மெதுவாப் பேசு அப்பு. முன்னால யாரு உக்காந்திருக்கான்னு பாரு."

பிரேம்சிங்கின் மனைவி பியூலா. மகளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று ராமர் அளப்பதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பிரேம்சிங் போன் நனைஞ்சுபோச்சு" என்றார் மொக்கையன். "எம் போனை வாங்கித்தான் பொண்டாட்டிகிட்டப் பேசினான். 'கூட்டம்னா கூட்டம் பியூலா, நிக்க இடமில்ல'ன்னான். கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடக்கு, வாய் மட்டும் சிரிக்குது. அந்தப் பிள்ளை குரங்கணியில வீட்டுல இருந்துச்சு, அதை நம்பிருச்சு. இவனுக பீத்திக்கத்தான் புளுகுறானுக. புளுகிட்டுப் போகட்டும் விடு. புருஷன் ஜெயிச்சுட்டுத்தான் செத்தான்னு அது நெனச்சிக்கிட்டு இருக்கு. நெசத்தைச் சொல்லி அதைப் பிடுங்கிறாத அப்பு."

ஆதித்தன் பியூலாவைப் பார்த்தான். மேடைக்குத் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கலைந்ததும் பியூலாவே அவனைத் தேடி வந்தாள்.

"என்ன தம்பி, பாதியில நிறுத்திட்டீக? கடைசிக் கச்சேரியப் பத்தி என்னமோ சொல்ல வந்தீகளே?"

"அது ஒண்ணுமில்ல மதினி. கூட்டத்தைப் பத்தித்தான். அன்னைக்கு... நிக்க இடமில்ல."

சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தான்.

பியூலா லேசாகச் சிரித்தாள். "அவருக்கும் உங்கள மாதிரிதான், பொய் சொல்லவே வராது."

மொக்கையன் சுருட்டிக்கொண்டிருந்த வயரை அப்படியே விட்டுவிட்டார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு மருந்து வாங்க போடிக்கு வந்திருந்தேன் தம்பி. அப்பத்தான் அவரு போன் பண்ணினாரு. 'ஐயோ, அவ்வளவு கூட்டமா? பாக்க எனக்குக் குடுத்து வைக்கலையே'ன்னு சொன்னேன். மேடைக்கு எதுத்தாப்புல மருந்துக்கடை வாசல்ல நின்னு, அவரைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்."