ஏழாவது வார்டு பிளெக்ஸ்

காலை ஒன்பது மணிக்குக் குணவதியின் செல்போனுக்குள் மூன்று படங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மூன்றுமே குணவதியின் படங்கள். ஏழாவது வார்டில் அவர் சுயேச்சையாக நிற்கிறார். கட்சி கிடையாது, வைக்கப்போவதும் ஒரே ஒரு பிளெக்ஸ்தான். அதற்கு உடனே போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

“நான்தான் போகணும்” என்றது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்பி நிற்கும் பட்டுப்புடவைப் படம். “தண்ணி வரலைன்னா பெரியம்மாங்க எல்லாரும் என்கிட்டத்தான் வந்து சொல்றாங்க.”

“சொன்னா? நீ கும்பிட்டுக்கிட்டே நிப்பே” என்றது வேலை தேடும் தளத்தில் இருக்கும் கோட்டுப் படம். “அதிகாரி உட்காரச் சொல்றது என்னைப் பார்த்துத்தான்.”

“அந்தக் கோட்டே இரவல்” என்று சிரித்தது இன்ஸ்டாகிராமில் புல்லட் மேல் உட்கார்ந்திருக்கும் படம். “தெருவிளக்கு இல்லைன்னு காலேஜ் பொண்ணுங்க மெசேஜ் போட்டது எனக்குடி.”

கோட்டுப் படம் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, “அதை மனுவா எழுதிக் கொடுத்தது யாரு?” என்றது.

“கம்பம் நட வாசல்ல இடம் விடமாட்டேன்னு நின்ன பெரியப்பாவைச் சம்மதிக்க வச்சது யாரு?” என்றது புடவை.

புல்லட் சிரிப்பை நிறுத்தியது. “அப்போ எவளையும் விட்டுட்டுப் போக முடியாதுடி.”

குணவதி மூன்றையும் அனுப்பினார். கடைக்காரர் போன் செய்தார்.

“அக்கா, ஒரே சாயலா மூணு பேர் இருக்காங்க. இதுல யாரு நிக்கிறாங்க?”

“மூணும் நான்தான் தம்பி. ஒரே அளவுல போடுங்க.”

மார்ச் 3ஆம் தேதி குணவதி ஏழாவது வார்டு உறுப்பினராகப் பதவியேற்றார்.