சாய்த்துப் பார்த்தல்

அவள் தன் புது பைக்கை மெத்தைமேல் மெதுவாகப் படுக்க வைத்தாள்.

கடைக்குப் பின்னால் அதற்கென்றே அந்தப் பழைய மெத்தை கிடந்தது. வண்டியைச் சாய்த்துப் பார்க்காத யாருக்கும் கடைக்காரர் சேவியர், விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பியான எஞ்சின் கார்டை விற்பதில்லை.

முதலில் மெல்லிய கார்டு. கறுப்பு, வழவழப்பு. அவளுடைய கணவனுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வண்டி, வயிறு நிறைந்த எருமைபோல முழுசாகப் படுத்துக்கொண்டது.

சீட்டில் முதுகைக் கொடுத்தாள். முழங்காலை மடித்தாள். தரையைக் கால்களால் உந்தினாள்.

அசையவில்லை.

"இரு, நான் தூக்குறேன்," என்று கணவன் வந்தான்.

"நீ தூக்கினா நீதான் போகணும்."

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய குழு காட்டுப்பாதையில் மலை ஏறுகிறது. விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கத் தெரியாதவர்களைக் குழுவின் தலைவன் தீபன் சேர்ப்பதில்லை.

இதுவரை எல்லா மலைகளையும் அவள் கணவனின் பின்சீட்டிலிருந்து, அவன் ஹெல்மெட்டைச் சுற்றித்தான் பார்த்திருக்கிறாள்.

சேவியர் வண்டியை நிமிர்த்தி, அடுத்த கார்டைப் பொருத்தினார். தடித்த குழாய். யாரோ இடுப்பில் கைவைத்து நிற்பதுபோல இரு பக்கமும் புடைத்திருந்தது.

அழகில்லை.

வலதுபக்கம் சாய்த்தாள். வண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. தூக்கம் வராதவர் முழங்கையை ஊன்றிக் கிடப்பதுபோல.

மறுபடி முதுகு. மறுபடி முழங்கால்.

பின்னால் ஓர் அடி. இன்னொன்று.

வண்டி எழுந்தது.

எழுந்தது, நிமிர்ந்தது, அதோடு நிற்கவில்லை. இடதுபக்க ஸ்டாண்டு மடங்கியே இருந்தது. மெத்தை இல்லாத அந்தப் பக்கத்தில், சிமெண்டுத் தரைமேல், நிதானமாகச் சாய்ந்தது.

டங்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

டேங்கில் ஒன்றுமில்லை. எஞ்சினில் ஒன்றுமில்லை. தடித்த குழாயில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு.

"வலதுபக்கம் விழுந்தா மொதல்ல ஸ்டாண்டை எடுத்துவிட்டுடணும் மேடம்," என்றார் சேவியர். "நீங்க தூக்கிருவீங்கன்னு நெனைக்கலீங்க. அதான் சொல்லல."

கணவன் சிரித்து முடிப்பதற்குள் அவள் வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போயிருந்தாள்.

முதுகு. முழங்கால். ஓர் அடி. இன்னொன்று.

இந்த முறை நிமிர்ந்த வண்டியை இடுப்பால் தாங்கியபடி, குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள்.

நின்றது.

"இந்தக் கார்டையே முடுக்கிடுங்கண்ணா."

கணவன் போனில் தீபனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"தூக்கிட்டாங்களா?"

"ரெண்டு பக்கமும்."



"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு," என்றான் தீபன். பிறகு, "நீ இன்னும் ஒரு பக்கந்தானேடா தூக்குற?"

கணவன் ஸ்பீக்கரை அணைத்தான்.

அவள் அதற்குள், வாசலில் நின்ற அவனுடைய வண்டியையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.