முன் சீட்டுப் பெரியவர்

மாமல்லபுரத்தில் வேன் கிளம்பும் நேரம். முகிலன் தலைகளை எண்ணினான்; ஒன்று குறைந்தது. முன் சீட்டுப் பெரியவரைக் காணோம்!

மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். சேலத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் சுற்றிக்காட்டும் பொறுப்பு அவனுடையது. ஊரப்பாக்கம் மண்டப வாசலில் வேன் ஏறியதிலிருந்தே அந்தப் பெரியவரின் அதிகாரம் தாங்கவில்லை. ஜன்னலை மூடு, இளநீர் வாங்கு என்று விரட்டினார். மாப்பிள்ளை வீட்டாராயிற்றே என்று முகிலன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

இப்போது கடற்கரை முழுக்கத் தேடியும் ஆள் இல்லை. அலையோரம் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

கல்யாணமே நின்றுவிடுமோ? செருப்பைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனான்.

"மாமா... முன் சீட்ல வந்த உங்க வீட்டுப் பெரியவரைக் காணோம்."

அவர் முகம் வெளுத்தது. "எங்க வீட்டுப் பெரியவரா? அவர் உங்க வீட்டுப் பெரியவர், மனசு கோணக் கூடாதுன்னுதானே நான் முன் சீட்டையே விட்டுக் கொடுத்தேன்!"

இருவரும் திகைத்து நிற்க, வறுத்த மீனை மென்றபடி பின்னால் வந்து நின்றார் முன் சீட்டுப் பெரியவர்.

"செருப்ப எட்த்தாந்துட்டியா தம்பி? நாளிக்கு முகூர்த்தம் முடிஞ்சதும் வண்டலூர் ஜூ தானே?"